கிணற்றடியில் அழைத்த பெயர்

கடலூர்
16 பிப்ரவரி 2010

அன்புள்ள அக்கா,

கல்யாணத் தேதி குறித்துவிட்டார்கள். மே மாதம் இருபத்து மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரை. மாப்பிள்ளை, போன கடிதத்தில் நான் எழுதிய அதே அன்பரசுதான். கம்மாபுரத்துக்காரர், பள்ளிக்கூட வாத்தியார். அதிகம் பேசமாட்டார், நான் பேசுவதைக் கேட்டுச் சிரிப்பார். இப்போதைக்கு அது போதும்.

இன்னொரு செய்தி. கல்யாணம் மண்டபத்தில் இல்லை. திருவதிகைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் முந்திரித் தோப்பில். மேடை கிடையாது, வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலி கிடையாது, கண்ணைக் கூசவைக்கும் வீடியோ லைட் கிடையாது. பலா மரத்தடியில் பாய் விரித்துவிடுவோம். வயசானவர்களுக்குக் கயிற்றுக் கட்டில். வருகிறவர்கள் காலை நீட்டி உட்காரட்டும், தூக்கம் வந்தால் தூங்கட்டும். மொத்தமே நூற்றிருபது பேர். அப்பா, "ஊர்ல மண்டபமே இல்லாத மாதிரி இது என்னாம்மா கூத்து?" என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்றதும் அடங்கிவிட்டார்.

இதெல்லாம் ஊருக்குச் சொல்லும் காரணம். உண்மையான காரணம் நீ. மண்டபம் என்றால் பன்னீர் தெளிக்க இரண்டு பேர், சந்தனம் கொடுக்க இரண்டு பேர் என்று வாசலிலேயே முகத்தைப் பார்ப்பார்கள். தோப்புக்கு நாலு பக்கமும் வழி. வடக்கு வேலி ஓரம் ஒரு பெரிய பலா நிற்கிறதே, அதன் கீழே நீ முக்காடு போட்டுக்கொண்டு நின்றால் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று விட்டுவிடுவார்கள். ஐந்து வருஷமாக நீ இந்த வீட்டில் செத்துப்போனவள். என் கழுத்தில் தாலி ஏறும் அந்த ஒரு நேரமாவது நீ உயிரோடு இருக்க வேண்டும்.

வருவாய்தானே? எப்போதும் போல டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் முகவரிக்கே எழுது.

உன் இசைவாணி


சிதம்பரம்
27 பிப்ரவரி 2010

இசைக்கு,

நான் சௌக்கியம். செத்தவளுக்குப் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்து மூன்று தடவையும் அழுதேன். மருந்துக் கடையிலிருந்து சாப்பிட வந்த லூயிஸ், "கல்யாணம்னா சிரிக்கணும்டி. இதுக்குப் போயி ஏன் அழுவுற?" என்றார். நித்யாவும் ஒப்புக்குச் சேர்ந்து அழுதாள். நாலு வயசுக்கு அவளுக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான்.

பந்தியில் பச்சை முந்திரிப்பருப்புக் குழம்பு கண்டிப்பாக இருக்க வேண்டும். குடிக்கப் பானைத் தண்ணீர், அதில் வெட்டிவேர். நுங்கு சீவிக் கொடுக்க ஒரு ஆள். மைக் செட்காரனை வேலிக்கு அந்தப் பக்கமே நிறுத்து. உன் யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. எனக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கலாம். நான் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவனாம்பட்டினம் போவதாகப் பொய் சொல்லி, சைக்கிளைக் கடற்கரையில் போட்டுவிட்டு, லூயிஸோடு ஐந்தரை மணி பஸ் ஏறியவள். பஸ் ஸ்டாண்டில் தேடாமல் கடற்கரையில் தேடினால் இரண்டு மணி நேரம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். அப்புறம்தான் சுனாமி அலை வந்தது. இரண்டு மணி நேரம் கேட்டவளுக்கு ஐந்து வருஷம் கிடைத்துவிட்டது.

வருகிறேன். ஆனால் ஒன்று. என்னைப் பூவாடைக்கு அழைக்கக் கூடாது.

லூயிஸுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் மூன்று நாள் முன்னால், அந்தக் குடும்பத்தில் செத்துப்போன பெண் ஒருத்தியைக் கிணற்றடியில் பம்பை அடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், புதுப்புடவை படைப்பார்கள், அவள் யார்மேலாவது வந்து "சரி, நடத்துங்கள்" என்று சொன்னால்தான் பந்தக்கால் நடுவார்கள் என்றேன். "உயிரோட இருக்கிறவள கூப்புட்டா யாரு வருவா?" என்று கேட்டார்.

சித்தப்பா, பெரியப்பா வீடுகளில் நடந்ததாக நீ எழுதிய மூன்று கல்யாணத்தின் தேதிகளையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். முதல் தடவை என்னைக் கூப்பிட்ட அன்று என் தலைமுடியில் மரிக்கொழுந்து வாசம் அடித்தது. நான் பூவே வைக்கவில்லை. இரண்டாம் தடவை கீரைக்காரி என்னைச் சுற்றி நின்ற எல்லோருக்கும் கீரைக்கட்டுக் கொடுத்தாள். நான் மூன்று முறை கேட்டும் என் பக்கம் திரும்பவில்லை. மூன்றாம் தடவை, போன ஆவணியில், நித்யா "அம்மா, அம்மா" என்று வீடு முழுக்கத் தேடி அழுதாள். நான் அவள் எதிரேதான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

சிரிக்காதே. நானும் சிரித்துத்தான் பார்த்தேன்.

மலர்


கடலூர்
21 மார்ச் 2010

அக்கா,

நான் சிரிக்கவில்லை. ஆனால் நம்பவும் முடியவில்லை. உனக்கு இரத்தம் குறைவாக இருக்கும். லூயிஸ் மாமாவிடம் சொல்லி ஒரு டானிக் வாங்கிக் குடி.

பூவாடை விஷயத்தை அப்பாவிடம் பேசிப் பார்த்தேன். இந்தக் காலத்தில் அதெல்லாம் எதற்கு, ஊர்க் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்தால் போதாதா என்று ஆரம்பித்தேன். கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார். "எம் பொண்ணு இல்லாம எம் பொண்ணு கல்யாணமா? அவள கூப்புடாம ஒரு கால் நட மாட்டேன். அப்பிடி ஒரு கல்யாணம் உனக்கு வாணாம்" என்றார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். உள்ளே போனால் உன் போட்டோவிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்வாள், தெரியும்தானே.

உண்மையைச் சொல்லிவிடு என்று நீ நினைப்பாய். அக்கா, நீ வேற்று மதத்துப் பையனோடு போனாய் என்றால் அப்பா அன்றைக்கு வெட்டியிருப்பார், பிறகு ஒருநாள் பேத்தியைப் பார்த்துச் சமாதானமாகியிருப்பார். இப்போது அப்படி இல்லை. சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் உன் பெயரைச் சொல்லி விழுந்து கும்பிட்டு மூன்று கல்யாணம் நடத்திவிட்டார்கள். மூன்று ஜோடிக்கும் பிள்ளை பிறந்துவிட்டது. இவர்கள் கும்பிட்ட பெண் சிதம்பரத்தில் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் எந்த வாயால் சொல்வது? அப்பாவால் ஊரில் நடமாட முடியாது.

அம்மாவையும் யோசி. அந்த ஜனவரியில் நீ பூத்திலிருந்து போன் செய்து "அம்மா" என்ற ஒரே வார்த்தைக்கே விழுந்துவிட்டாள். மூன்று நாள் காய்ச்சல். தாயத்து கட்டிய பிறகுதான் எழுந்தாள். அதனால்தானே நாம் போனைத் தொடுவதில்லை.

எப்படியாவது நிறுத்துகிறேன். என்னை நம்பு. நீ என்ன புடவை கட்டி வருவாய் என்று எழுது. கூட்டத்தில் தேட வசதியாக இருக்கும்.

இசை


சிதம்பரம்
8 ஏப்ரல் 2010

இசைக்கு,

டானிக் குடிக்கிறேன். இரும்புச் சத்து ஏறிப் பல் கறுத்ததுதான் மிச்சம்.

ஈஸ்டருக்கு லூயிஸ் ஒரு புடவை எடுத்துக் கொடுத்தார். கத்தரிப்பூ நிறம், மஞ்சள் கரை. அதை இன்னும் உடுத்தவில்லை, உன் கல்யாணத்துக்கென்று பெட்டியில் வைத்திருக்கிறேன். முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, நீ சொன்ன பலா மரத்தடியில் நிற்பேன். தாலி கட்டி முடிந்ததும் ஒரு இலையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். சாப்பிட்டுவிட்டு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விடுவேன். சொல்லிக்கொள்ளாமல் போவதில்தான் எனக்குப் பழக்கம் உண்டே.

அந்தச் சாப்பாட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நம் அம்மா முந்திரிக் குழம்பில் தேங்காயைக் கடைசியில்தான் அரைத்து ஊற்றுவாள். நானும் அப்படித்தான் செய்கிறேன், அந்த ருசி வரவில்லை. அம்மாவைப் பத்தடி தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். இளைத்திருக்கிறாளா, முடி நரைத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குமேல் ஆசை வைக்கவில்லை.

இப்போது நான் சொல்வதை விளையாட்டாக எடுக்காதே. ஒவ்வொரு தடவை அவர்கள் கூப்பிடும்போதும் என்னிடமிருந்து ஏதோ ஒன்று அங்கே போகிறது. போனது முழுசாகத் திரும்பி வருவதில்லை. போன ஆவணிக்குப் பிறகு பக்கத்து வீட்டு அமிர்தம் அக்கா என்னை எதிரில் வைத்துக்கொண்டே லூயிஸிடம், "வூட்டுல இல்லீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். நான் "இருக்கேன்க்கா" என்றதும் திடுக்கிட்டுச் சிரித்தாள்.

நாலாவது தடவை வேண்டாம், இசை. உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

மலர்


கடலூர்
11 மே 2010

அக்கா,

வேலை தலைக்குமேல். சுருக்கமாக எழுதுகிறேன்.

பூவாடை இல்லை. அப்பாவைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைப்பதோடு சரி. நீ நிம்மதியாக வா. பண்ருட்டியில் இறங்கி ஆட்டோ பிடித்தால் நேரே வடக்கு வேலியில் விடுவான். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குள் வந்துவிடு.

ஊஞ்சல் கட்டியாயிற்று. கட்டில் பன்னிரண்டு சேர்ந்துவிட்டது.

இன்ஸ்டிடியூட்டில் இன்றோடு வேலையை விட்டுவிட்டேன். இனி எழுதுவதானால் கம்மாபுரம் முகவரிக்கு எழுது. அவரிடம் சிதம்பரத்தில் ஒரு சிநேகிதி இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இசை


கம்மாபுரம்
29 மே 2010

என் அக்காவுக்கு,

கல்யாணம் நன்றாக நடந்தது. நீயே பார்த்தாய். ஆனாலும் நான் உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

பூவாடை இல்லை என்று எழுதினேனே, அது பொய். அப்பா சம்மதிக்கவே இல்லை. நிறுத்தினால் கல்யாணமே நிற்கும். உனக்கு எழுதினால் நீ வரமாட்டாய். நீ வர வேண்டும், கல்யாணமும் நடக்க வேண்டும் என்று இரண்டுக்கும் ஆசைப்பட்டேன்.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குத் தோப்புக் கிணற்றில் அழைத்தார்கள். பூசாரி உத்திராபதியும் பம்பைக்காரர்கள் இரண்டு பேரும். ஒரு மணி நேரம் பாடினார்கள். யார்மேலும் வரவில்லை. வெற்றிலையில் கற்பூரம் வைத்துத் தண்ணீரில் விட்டார்கள், மூன்று தடவையும் அணைந்தது. உத்திராபதி பம்பையைக் கீழே வைத்துவிட்டார். "பொண்ணு வர மாட்டேங்குதுங்க. என்னா வருத்தமோ தெரியல. தேதிய தள்ளி வச்சிக்கங்க" என்றார். அப்பா அப்படியே செம்மண்ணில் உட்கார்ந்தார். அம்மா மார்பில் அடித்துக்கொண்டு, "எம்மேல என்னாடி கோவம், வந்து சொல்லிட்டுப் போடி" என்று கத்தினாள்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. தேதி தள்ளிப்போவதும் பயமாக இருந்தது. நான் முடியை அவிழ்த்துவிட்டு ஆட ஆரம்பித்தேன்.

நடிப்புத்தான் அக்கா. உன் குரல் எனக்கு மறக்குமா? நீ இழுத்துப் பேசுகிற மாதிரியே, "வந்துட்டேம்மா" என்றேன். அம்மா ஓடி வந்து என் முகத்தைப் பிடித்தாள். "பசிக்குதாடி?" என்றாள். "பசிக்குதும்மா" என்றேன். அப்பா, "எம்மேல கோவமாம்மா?" என்றார். "இல்லப்பா" என்றேன். அதையாவது நீ சொல்லியிருப்பாய் என்று நம்பித்தான் சொன்னேன். பிறகு அம்மா, "இனிமே எங்கள உட்டுட்டுப் போவ மாட்டியே?" என்று கேட்டாள். மாட்டேன் என்று தலையாட்டத்தான் நினைத்தேன். என் வாய் தானாக, "போவ மாட்டேன். வூட்டுலயே இருக்கேன்" என்றது. நாலாவது கற்பூரம் அணையாமல் கிணற்றின் நடுவே போய் நின்று எரிந்தது.

சாமியை ஏமாற்றிய பாவம் என்று பயந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பார்த்ததும் எல்லாம் போய்விட்டது. தாலி கட்டி நிமிர்ந்தேன். வடக்கு வேலி ஓரம், பலா மரத்தடியில், கத்தரிப்பூப் புடவையில் நீ. முக்காடு கழுத்துவரை இருந்தது. அம்மாவும் பார்த்துவிட்டாள். "அங்க நிக்கிறது யாருடி?" என்று என் காதில் கேட்டாள். "யாரும் இல்லம்மா, நெழலு" என்றேன். அம்மா சிரித்தாள். "உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியிது" என்று சொல்லி, ஒரு இலையில் எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு உன்னிடம் வந்தாளே! கால் மணி நேரம் உன்னோடு உட்கார்ந்து பேசியதை நான் மணையிலிருந்து பார்த்தேன். திரும்பி வரும்போது இலை காலியாக இருந்தது.

நீங்கள் இருவரும் ஏன் அழவில்லை? அம்மா உன்னிடம் என்ன சொன்னாள்? என்னை மன்னித்தாயா என்று எழுது. அம்மா மன்னித்துவிட்டாள் என்று மட்டும் எனக்குத் தெரிகிறது, ஊர் திரும்பும்போது வேனில் பாடிக்கொண்டே வந்தாளாம்.

இசை


சிதம்பரம்
5 ஜூன் 2010

இசை,

நான் வரவில்லை.

மே பத்தொன்பதாம் தேதி நித்யாவுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை கட்டி உள்ளேயே இருந்தோம். அம்மை வார்த்த வீட்டிலிருந்து யார் கல்யாணத்துக்குக் கிளம்புவார்கள்? கம்மாபுரத்துக்கு ஒரு கார்டு போட்டேன். அது உனக்கு வந்து சேரவில்லை என்று இப்போது புரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைவரை நான் குழந்தைக்கு வேப்பிலையால் தடவிக் கொடுத்துக்கொண்டு, இந்நேரம் தாலி ஏறியிருக்கும், இந்நேரம் பந்தி போட்டிருப்பார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லூயிஸ் பக்கத்திலேயே இருந்தார். வேண்டுமானால் அவரைக் கேள்.

நான் வரவில்லை. அம்மா யாருக்குச் சோறு போட்டாள்?

உன் கடிதம் வந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கத்தரிப்பூப் புடவை வைத்த இடத்தில், வைத்த மடிப்போடு இருந்தது. விரித்தேன். கீழ்க்கரை முழுக்கச் செம்மண். சிதம்பரத்தில் செம்மண் ஏது?

இன்னொன்று. வியாழக்கிழமை மூன்று மணிக்குமேல், நான்கு இருக்கலாம், நித்யாவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிக் கதையில் எனக்குக் குரல் நின்றுவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் இல்லை. தொண்டையில் வலியும் இல்லை. டாக்டர் ஒன்றும் இல்லை என்கிறார். பதினாறு நாள் ஆகிறது. காற்று மாதிரி ஒரு சத்தம் வருகிறது, அவ்வளவுதான்.

நீ பொய் சொன்னதைப் பற்றி இப்போது எழுதமாட்டேன். எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது. நித்யாவுக்கு உடம்பு தேறட்டும். நான் வீட்டுக்கு வருகிறேன். முக்காடு இல்லாமல், வாசல் வழியாக, பட்டப்பகலில், குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அப்பா வெட்டினாலும் சரி. உயிரோடு இருக்கிறவளைத்தானே வெட்ட முடியும்.

மலர்


கம்மாபுரம்
18 ஜூன் 2010

அக்கா,

வராதே.

கடிதம் கண்டதும் போன் செய்யலாமா என்று நினைத்தேன். உனக்குக் குரல் இல்லை என்கிறாய், எனக்கோ உன் குரலைக் கேட்கப் பயமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் தலையாடிச் சீர் விஷயமாக வீட்டுக்குப் போயிருந்தேன். வீடு பளிச்சென்று இருக்கிறது. அம்மா ஐந்து வருஷமாக உடுத்தாத புடவையெல்லாம் எடுத்து உடுத்துகிறாள். சாப்பாட்டுக்கு மூன்று இலை போட்டாள். அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன். "உங்கக்காவுக்குத்தான், வேற யாருக்கு?" என்றாள். நான் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அந்த இலையிலும் சோறு இல்லை. அடிக்கடி உன் பழைய அறைப் பக்கம் திரும்பி ஏதாவது சொல்லிச் சிரிக்கிறாள். அப்பா சாயங்காலம் வரும்போது இரண்டு முழம் பூ வாங்கி வருகிறார். ஒரு முழத்தை அம்மாவிடம் கொடுத்தார், இன்னொன்றை அந்த அறைக் கதவில் மாட்டிவிட்டு, "வச்சிக்கம்மா" என்றார். அப்பாவேதான், அக்கா! உன்னை வெட்டியிருப்பார் என்று நான் எழுதிய அதே அப்பா.

நான் அந்த அறைக்குள் போகவில்லை. கதவு ஒருக்களித்து இருந்தது. உள்ளே யாரோ தலை வாரிக்கொண்டிருந்தார்கள். சீப்பு முடியில் இறங்கும் சத்தம் எனக்குத் தெரியும், எட்டு வருஷம் உன்னோடு அதே அறையில் படுத்தவள் நான்.

நான்தான் கூப்பிட்டேன். வீட்டிலேயே இருக்கிறேன் என்று என் வாய்தான் சொன்னது. உத்திராபதியிடம் போய் நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று கிளம்பினேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், போக முடியவில்லை. கல்யாணம் ஆகி இங்கே வந்த பிறகு அம்மா தனியாக இருப்பாளே என்றுதான் எனக்குப் பெரிய கவலை இருந்தது. இப்போது அம்மா தனியாக இல்லை. இதை எழுதும்போதே எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

நீ வந்தால் அம்மா யாரைப் பார்ப்பாள்? உன்னையா, அதையா? அம்மாவின் மனசு தாங்காது. கொஞ்ச நாள் போகட்டும். கெஞ்சிக் கேட்கிறேன், வராதே.

இசை


சிதம்பரம்
5 ஜூலை 2010

இசைக்கு,

போனேன். உன்னிடம் கேட்டுக்கொண்டு போக நீ யார்?

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மஞ்சக்குப்பத்தில் இறங்கினேன். நித்யாவுக்குப் புது கவுன். அம்மைத் தழும்பு இன்னும் நெற்றியில் இரண்டு இருக்கிறது. தெருவில் பழைய ஆட்கள் மூன்று பேர் எதிரில் வந்தார்கள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம் வீட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று நீ எழுதவே இல்லையே. கதவைத் தட்டினேன்.

அம்மாதான் திறந்தாள். இளைக்கவில்லை. முடி முன்பக்கம் மட்டும் நரைத்திருக்கிறது. நல்ல மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, அழகாக இருந்தாள். நான் முக்காடு போடவில்லை. ஒரு முழு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தாள். நான் "அம்மா" என்றேன். எனக்கு வருகிற அந்தக் காற்றுச் சத்தத்தில்தான் சொன்னேன்.

"யாரும்மா வோணும்?" என்றாள்.

அழுகைதான் வந்தது. குரல் சரியில்லாத பெண் யாரோ என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது, ரொம்பப் பிரியமாக, "வெயில்ல கொழந்தைய தூக்கினு வந்துருக்கியே, நிழல்ல நில்லும்மா" என்றாள். குனிந்து நித்யாவிடம் பெயர் கேட்டாள். நித்யா சொன்னாள். அம்மா அவள் கன்னத்தைத் தொட்டு, "எங்க பெரிய பொண்ணும் சின்னதுல இப்பிடித்தான் இருப்பா, இதே மூஞ்சி" என்றாள். பிறகு உள்ளே திரும்பினாள்.

"மலரு, ஒரு சொம்பு தண்ணி கொண்டாடி. யாரோ வந்துருக்காங்க."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "தோ வர்றேம்மா. எதுக்கு இப்பிடி கத்துற?"

அது என் குரல், இசை. எனக்கு மே இருபதாம் தேதி நின்றுபோன குரல். அம்மா கூப்பிட்டால் உடனே எழாமல், எரிச்சலோடு இழுத்துச் சொல்லுகிற என் பேச்சு. நித்யா என் முகத்தையும் வீட்டுக்குள்ளேயும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் கையை விட்டுவிட்டு உள்ளே ஒரு அடி வைத்தாள். வளையல் சத்தம் நடையில் நெருங்கி வந்தது. நான் குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். "அய்யோ, தண்ணி குடிச்சிட்டுப் போம்மா" என்று அம்மா பின்னால் கூப்பிட்டாள்.

நான் பயந்து ஓடினேன் என்று நினைப்பாய். பயம் பிறகு பஸ்ஸில்தான் வந்தது. அந்த வாசலில் எனக்கு வந்தது பொறாமை. ஐந்தரை வருஷமாக நான் கேட்க ஏங்கிக் கிடந்த ஒரு கூப்பாட்டுக்கு, உள்ளே இருக்கிற ஒருத்தி அலுத்துக்கொண்டு பதில் சொல்கிறாள். அவளுக்கு அம்மா தினமும் கிடைக்கிறாள், அலுத்துக்கொள்ளலாம்.

அம்மா சந்தோஷமாக இருக்கிறாள். நீ எழுதியது சரிதான். இன்னொரு தடவை நான் போகமாட்டேன். நித்யாவைப் பஸ் பக்கம் திரும்ப விடவே எனக்குப் பயமாக இருக்கிறது, "அந்த அம்மா கிட்ட போலாம்" என்கிறாள். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை.

உன்மேல் கோபம் இல்லை என்று முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் நீயும் எழுதாவிட்டால் நான் இருக்கிறேன் என்று தெரிந்தவர்கள் லூயிஸும் குழந்தையும் மட்டும்தான். அதனால் எழுது. உறையில் மட்டும் என் பெயரைப் போடாதே, அந்தப் பெயருக்கு அங்கே ஆள் இருக்கிறது. லூயிஸ் வீட்டுக்கு என்று போடு, வந்து சேரும்.